கல்லுக்குக் கீழே மூன்று சீட்டுகள்

சிவகாசியில் காலண்டர் வேலை சூடு பிடிக்க ஆடி மாதம் பிறக்க வேண்டும். அதனால் ஏப்ரலில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "முத்துராஜ், கனடாவுக்கு அனுப்பின ரிம்மிங் மெஷினைப் போய்ப் பூட்டிக் கொடுத்துட்டு வாய்யா" என்றபோது, மறுக்க எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ரிம்மிங் மெஷின் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. மாதக் காலண்டரின் தலையில் தகரப் பட்டையை வைத்து அழுத்துகிற கருவி. இருபத்தாறு வருடமாக அதைத்தான் பூட்டுகிறேன், கழற்றுகிறேன். அதற்காக ஒருநாள் விமானம் ஏறுவேன் என்று என் வீட்டில் யாரும் நினைத்ததில்லை, என்னையும் சேர்த்து.

புதன்கிழமை மதியம் டொராண்டோ விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப் போக வந்தவர் வரதன். ஸ்கார்பரோவில் அச்சகம், விட்பியில் வீடு, யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது. என் பெட்டியை வண்டியில் வைத்து முடிக்கும் முன்பே முதல் கேள்வி வந்துவிட்டது.

"அண்ணை, மெஷின் வேலை வெள்ளிக்கிழமைக்குள்ளை முடிஞ்சிடுமோ?"

"முடிச்சிடலாம். என்ன சார் அவசரம்?"

"சனி, ஞாயிறு எனக்கு ஒண்டும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ரேஸ் இருக்கு."

நான் அவர் வயிற்றைப் பார்த்தேன். வண்டியில் உட்கார்ந்தால் அதற்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு காலண்டர்தான் நுழையும். என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு அவரே சிரித்தார்.

"நான் ஓடுறேல்லை அண்ணை. பாக்கிறது மட்டும்தான்."

விட்பி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் சைக்கிள்தான். பிரான்சின் வடக்கே, மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போக அந்தக் காலத்தில் கல் பதித்த பாதைகள் வயல்களுக்கு நடுவே இன்னும் கிடக்கின்றனவாம். வருடத்தில் ஒரே ஒரு நாள், ஏப்ரலில் ஒரு ஞாயிறு, அந்தக் கற்பாதைகளையும் கடந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற பந்தயம். டயர் கிழியும். உள்ளங்கை கொப்பளிக்கும். மழை பெய்தால் பல் வரைக்கும் சேறு. கடைசியில் ஒரு பழைய சைக்கிள் மைதானத்தில் ஒன்றரைச் சுற்று ஓடி முடிக்க வேண்டும். வென்றவருக்குக் கொடுப்பது ஒரு கல்.

"கல்லா?"

"ஓம், ரோட்டுக் கல்லுத்தான். அதைத் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சு அழுவினம்."

எங்கள் ஊர்க் கிரிக்கெட் போட்டியில் முதல் பரிசு ஒரு ஆட்டுக்கிடா. தோற்ற அணிக்கும் குழம்பு கிடைக்கும். இந்த வெள்ளைக்காரர்களுக்கு ஏன் இப்படிப் புத்தி போகிறது என்று கேட்க நினைத்தேன். வந்த முதல் நாளே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்த அறை வீட்டின் நிலவறையில் இருந்தது. இங்கே எல்லா வீட்டுக்கும் கீழே ஒரு வீடு இருக்கிறது. பேஸ்மென்ட் என்கிறார்கள். வரதனின் மனைவி லண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் பேஸ்மென்ட் முழுக்க அவருடைய ராஜ்ஜியம். சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி., அதன் பக்கத்தில் மரப்பலகையில் சிவப்புத் துணி விரித்து, செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருங்கல். சாமிக் கல்லோ என்று நான் செருப்பைக் கழற்றப் போனேன்.

"சாமி இல்லை அண்ணை, உது எங்கட கப்" என்றார் வரதன். அவரோடு சேர்த்து மூன்று பேர் கொண்ட கூட்டம் அது. பந்தயம் பார்க்க உட்காருவதற்கு முன் ஆளுக்கு ஒரு சீட்டில் வெல்லப்போகிறவன் பெயரை எழுதிக் கல்லுக்குக் கீழே வைப்பார்கள். சரியாக எழுதியவர் ஒரு வருடம் கல்லை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வரதன் வீட்டுக்கும் நண்பர் நஸீர் வீட்டுக்கும் கல் மாறி மாறிப் போயிருக்கிறது. மூன்றாவது ஆள் கௌரி. டவுன் பஸ் ஓட்டுகிறார். அவர் வீட்டுக்குக் கல் ஒருமுறைகூடப் போனதில்லை.

"பதினொரு வருசமா ஒரே பேரைத்தான் எழுதுறா. நாங்கள் அவனை நெட்டையன் எண்டு சொல்லுறது. மூண்டு தரம் ரெண்டாவதா வந்தவன். இந்த வருசத்தோடை விடப்போறான்."

மறுநாள் வியாழன். காலையில் இடியப்பமும் சொதியும். எங்கள் பக்கம் சொதி என்றால் திருநெல்வேலிக் கல்யாணத்தில் மறுவீட்டு விருந்துக்குப் போடுவார்கள்; அதற்கு அழைப்பு வர வேண்டும், மொய்க் கவரும் தயாராக இருக்க வேண்டும். இங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கடையிலிருந்து வந்து, காலை ஏழு மணிக்கு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன்.

அச்சகத்தில் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்தினோம். கப்பலில் வந்ததில் ஒரு ஸ்பிரிங் மட்டும் துருவேறியிருந்தது. மாலையில் வரதனுக்கு ஒரு கல்யாண வீட்டில் அழைப்பிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. என்னை ரயிலில் ஏற்றி, "விட்பியிலை இறங்குங்கோ, நான் வந்து ஏத்துறன்" என்று அனுப்பினார். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சிறிது தூரம் போனதும் தண்டவாளத்தை ஒட்டி ஏரி வந்தது. ஏரி என்று பெயர்தான், அக்கரை கிடையாது. வெம்பக்கோட்டை அணையையே ஆச்சரியமாகப் பார்க்கிற ஊரில் பிறந்தவன் நான். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் விட்பி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஒஷாவாவில் ரயில் நின்று எல்லோரும் இறங்கியபோதுதான் அதற்கு மேல் பாதையே இல்லை என்று புரிந்தது.

வரதனுக்குப் போன் போட்டுவிட்டு அரை மணி நேரம் குளிரில் நின்றேன். ஒரு பிக்கப் வண்டி வந்து நின்று, "சிவகாசி அண்ணையோ? ஏறுங்கோ, கெதியா ஏறுங்கோ" என்றது. அதுதான் நஸீர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, இங்கே வந்து வீட்டு வாசல்களுக்கு இன்டர்லொக் கல் பதிக்கிறவர். ஒஷாவாவில் ஒரு வீட்டு வாசலை அளந்துகொண்டிருந்தவரை வரதன் அனுப்பியிருக்கிறார். பின்னால் கல் ஏற்றியிருந்ததால் வண்டி மெதுவாகத்தான் போனது.

"நீங்களும் சைக்கிள் பைத்தியமா?" என்று கேட்டேன்.

"சீ, எனக்குச் சைக்கிளிலை ஒண்டும் இல்லை. நான் ரோட்டைத்தான் பாக்கிறது" என்றார் நஸீர். "அந்தக் கல்லைப் போட்டவன் என்ன வேலை செய்திருக்கிறான் எண்டு பாருங்கோ அண்ணை. அடியிலை மணல் படுக்கை சரியில்லை. ரெண்டு கல்லுக்கு நடுவிலை ரெண்டு விரல் போகும். உதை நான் இஞ்சை ஸ்ரௌவ்வில் ஊரிலை போட்டால் வீட்டுக்காரர் என்னைத் துரத்திக்கொண்டு வருவினம். அங்கை உலகமே வந்து கைதட்டுது!"

வரதன் வீட்டில் இருக்கும் கருங்கல்லைக் கொண்டுவந்தவரும் இவர்தானாம். டொராண்டோவில் ஒரு பழைய டிராம் பாதையைத் தோண்டியபோது கிடைத்தது. மூன்று நண்பர்களில் ஒருவருக்குச் சைக்கிள் ஓட்ட உடம்பு இடம் தரவில்லை, ஒருவருக்குச் சைக்கிளே பிடிக்காது. மிச்சம் இருக்கிற கௌரியைப் பார்க்க எனக்கு ஆவல் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் மெஷின் மூச்சுவிட்டது. முதல் காலண்டருக்குத் தகரம் ஏறியதும் வரதன் அதைச் சுவரில் மாட்டிப் பார்த்தார், எடுத்தார், திரும்ப மாட்டினார். கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தார். எங்கள் விருதுநகர்ப் பொரித்த பரோட்டாவை உதறிப் பிய்த்துப் போட்ட மாதிரி இருந்தது, ஆனாலும் நன்றாகவே இருந்தது. சாப்பிடும்போது ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டைச் சொன்னார்.

பந்தயம் முடியும்போது டொராண்டோவில் காலை பதினொரு மணி. கௌரிக்கு ஞாயிறு தோறும் காலை வேலை, இரண்டு மணிக்குத்தான் இறங்குவார். அதனால் மூன்று பேரும் மூன்று மணிக்குக் கூடி, பதிவைப் போட்டுப் பார்ப்பார்கள். அதுவரை முடிவு யார் காதிலும் விழக்கூடாது. இதற்கு விரதம் என்று பெயர். வீட்டிலிருந்து கிளம்பும் முன் போனை அரிசி வாளிக்குள் புதைத்துவிட வேண்டும். ரேடியோ கிடையாது. கடைக்கு வருகிற ஆளிடம் அச்சு வேலை தவிர வேறு பேச்சு கிடையாது.

"கிரிக்கெட்டில ஸ்கோர் தெரியலைன்னா எங்களுக்குச் சோறு இறங்காது" என்றேன். "தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்றதுதான் மரியாதை."

"இஞ்சை சொன்னால் கொலை" என்றார் வரதன். சிரிக்காமல்தான் சொன்னார்.

போன வருடம் ஞாயிறு காலையில் கடைக்கு வந்த ஒரு ஆள் யார் வென்றது என்று உளறிவிட்டாராம். வென்றது நெட்டையன் இல்லை. வரதன் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று மணிக்குக் கௌரி வந்து மணியடித்தார், இவர் கதவைத் திறந்தார்.

"நான் ஒண்டும் கதைக்கேல்லை அண்ணை. 'வாரும்' எண்டு மட்டும்தான் சொன்னனான். என்ரை முகத்தை ஒருக்கால் பாத்தா. பேந்து ஒண்டும் கேக்கேல்லை. சப்பாத்தைக்கூடக் கழட்டாமல் திரும்பிப் போட்டா."

ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று கௌரிக்கு முடிவைச் சொல்லிவிட்டிருக்கிறது. பஸ்ஸில் யாரோ ஒருவரின் போன், ஓய்வறையில் டி.வி., கடைசியில் நண்பனின் முகம். தீபாவளி வரை வரதனின் போனை அவர் எடுக்கவில்லை. பிறகு எடுத்தபோது ஒரே வார்த்தை சொல்லியிருக்கிறார்: நெட்டையன் ஓடுகிற கடைசி வருடத்தையாவது நான் தெரியாமல் பார்க்க வேண்டும், இந்த முறையும் கெடுத்தால் இனிமேல் உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன். வரதன் இதைச் சொல்லும்போது முள்கரண்டியால் கொத்துரொட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. பாவமாக இருந்தது எனக்கு.

சனிக்கிழமை கௌரியைப் பார்த்தேன். பந்தயத்துக்கு முந்திய நாள் ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே போய்ச் சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது அவர்களின் வழக்கம். ஊர் எல்லையில் ஒரே பிளேட்டில் அச்சடித்த மாதிரி புது வீடுகள். அவற்றைத் தாண்டினால் வெறும் வயல், ஓரங்களில் கறுத்துப்போன பனி. நஸீரும் நானும் பிக்கப்பில் பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீயோடு பின்னால் போனோம். முன்னால் இரண்டு சைக்கிள். ஒன்றில் வரதன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி நின்றார். இன்னொன்றில் ஒல்லியாக, நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண்மணி குனிந்த தலை நிமிராமல் மிதித்துக்கொண்டே போனார்.

"கௌரி மேடம், வணக்கம்" என்றேன், தேநீருக்கு நிறுத்தியபோது.

"மேடம் எண்டு கூப்பிட்டால் நாளைக்கு பஸ்ஸாலை இறக்கி விட்டிடுவன். பேரைச் சொல்லுங்கோ அண்ணை."

தங்கச்சி என்று கூப்பிடுவதாக ஒப்பந்தம் ஆனது. அவருடைய சைக்கிளை வாங்கி நானும் நூறு மீட்டர் மிதித்துப் பார்த்தேன். மெல்லிய டயர், கீழே முட்டைப் பருமனில் சரளை. கை மரத்து, தாடை தானாக ஆடியது. பள்ளிக்கூடத்துக்கு ஆறு வருடம் சைக்கிளில் போனவன் என்ற பெருமை எல்லாம் அந்த நூறு மீட்டரில் உதிர்ந்துவிட்டது. இறங்கி வந்து, இதில் என்ன சுகம் என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

"சுகம் ஒண்டும் இல்லை" என்றார் கௌரி. "நான் வந்த புதுசிலை ஒரு கந்தோரிலை, ஒபிஸ் ஒண்டிலை, கிளீனிங் வேலை செய்தனான். ஞாயிற்றுக்கிழமையிலை ஒருத்தரும் இருக்கமாட்டினம். ரீவியை ஆரோ நிப்பாட்டாமல் போயிருந்தவை. பாத்தால் ஒருத்தன் கல்லுக்கு மேலை விழுந்து கிடக்கிறான். முழங்கை கிழிஞ்சு ரத்தம். எழும்பினான், சைக்கிளை நிமித்தினான், ஏறினான். என்ன போட்டி, என்ன நாடு எண்டு எனக்குத் தெரியாது. துடைக்கிற துணியோடை கடைசி மட்டும் நிண்டு பாத்தன். அண்டைக்கு அவன் வெல்லுவானோ தோப்பானோ எண்டு தெரியாமல் நெஞ்சு அடிச்சுது பாருங்கோ, அது திரும்ப ஒருநாளும் எனக்குக் கிடைக்கேல்லை."

அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது, ஊரை விட்டுத் தனியாக வந்திருந்தார். இப்போது நாற்பத்தேழு. அன்று விழுந்து எழுந்தவன் ஓட்டத்தை விட்டு வருடங்கள் ஆகின்றன; அதே பிடிவாதத்தைப் பிறகு நெட்டையனிடம்தான் கண்டாராம். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து உதறிவிட்டுத் திரும்பச் சைக்கிளில் ஏறினார். எனக்கு ஏனோ அந்த நெட்டையன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது, ஆள் எப்படி இருப்பான் என்று தெரியாமலே.

ஞாயிறு காலை என் போனும் அரிசிக்குள் போனது. வரதன் கடை திறக்கப் போனார். எனக்கு வேலை முடிந்துவிட்டதால், பெண் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி ஊர் பார்ப்பது என்று முடிவு. கௌரி வருகிற நேரத்தை வரதன் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். கடைக்கு எதிரே நின்று பத்து மணி சுமாருக்கு ஏறினேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சீருடையில் கௌரி தலையை மட்டும் ஆட்டினார். முன்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். ஓட்டுநருக்கு மேலே உள்பக்கம் பார்க்கிற கண்ணாடி. அதில் கௌரியின் கண்கள் தெரிந்தன, அவர் பார்க்கும்போதெல்லாம் என் முகமும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சிவகாசி டவுன் பஸ்ஸில் ஏறினால் பாட்டு, கண்டக்டர் குரல், கோழி, எல்லாம் சேர்ந்து வரும். இங்கே எல்லோரும் பரீட்சை எழுதுவதுபோல உட்கார்ந்திருந்தார்கள். பத்தரை மணிக்கு ஒரு நிறுத்தத்தில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி காற்றுப்போன சைக்கிளை பஸ்ஸின் மூக்கில் இருக்கும் தாங்கியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார். கால் முழுக்கச் சேறு. என் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

மழை. வயல். கல் பாதை. சேற்றில் முகம் தெரியாத மனிதர்கள். வர்ணனையாளர் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

ஐந்தடி தூரத்தில் கௌரி. பதினொரு வருடம் காத்திருந்த ஒரு ஞாயிறு, அதை இந்த அம்மாவின் கைப்பேசி இன்னும் அரை நிமிடத்தில் விழுங்கிவிடும். என் ஆங்கிலத்துக்கு வெட்கப்பட அது நேரமில்லை. போனின் மேல் கையை வைத்து மூடி, "ப்ளீஸ். நோ சவுண்ட். டிரைவர் ஈவ்னிங் வாட்சிங். ஷி நாட் நோ" என்றேன்.

அந்த அம்மா முதலில் என்னைத் திருடன் என்று நினைத்திருப்பார். பிறகு கௌரி பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண் விரிந்தது. ஒரு நொடியில் சத்தத்தை அணைத்துவிட்டு என் காதருகே குனிந்து சொன்னார்: "கடவுளே, மன்னியுங்கள். நானும் வருடக்கணக்கில் இரவு வேலை பார்த்தவள். எனக்குத் தெரியும்." பையிலிருந்து வயர் வைத்த இயர்போன் ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையை என் காதிலும் செருகினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, உண்மையைச் சொன்னால்.

இப்படித்தான் உலகத்தில் அந்தப் பந்தயத்தைப் பற்றி எதுவுமே தெரியாத நான், அதன் கடைசி அரை மணி நேரத்தைப் பார்த்தேன். அந்த அம்மா விரலால் ஆட்களைக் காட்டினார். நெட்டையனை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. சைக்கிள் மேல் மடித்து வைத்த ஏணி மாதிரி ஒருவன், அவன் பின்னால் இளசாக இன்னொருவன். இரண்டு பேரும் மைதானத்துக்குள் நுழைந்தார்கள். ஒரு சுற்று. அரைச் சுற்று. கோட்டுக்கு முன்னால் இளையவன் எட்டிப் பிடித்துவிட்டான் என்றே நினைத்தேன். அரைச் சக்கரம். நெட்டையன் அரைச் சக்கரம் முன்னால் இருந்தான்.

அந்த அம்மா சத்தம் வராமல் வாயைத் திறந்து அலறி, முகத்தை ஹெல்மெட்டுக்குள் புதைத்துக்கொண்டார். எனக்கு எழுந்து விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் கண்ணாடி ஞாபகம் வந்தது. சிவப்பு விளக்கில் பஸ் நின்றிருந்தது. நிமிர்ந்தால், கௌரியின் கண்கள் நேராக என்மேல்.

முகம். போன வருடம் கெடுத்தது முகம்தானே! சிரிப்பு உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. துக்கமாக எதையாவது நினை என்று எனக்கு நானே உத்தரவு போட்டேன். ஒரு நகைக்கடைக்கு இருபதாயிரம் காலண்டரில் தீபாவளியை ஒருநாள் தள்ளி அச்சடித்த வருடத்தை நினைத்தேன். முதலாளி கோடவுன் வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்தேன். சிரிப்பு போய்விட்டது. விளக்கு பச்சையானது. அந்த அம்மா தன் நிறுத்தத்தில் இறங்கும்போது கௌரிக்கு வெறுமனே கையசைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கமான பெண்மணி.

கடைசி நிறுத்தத்தில் நான் இறங்கினேன். "மூண்டு மணிக்குச் சந்திப்பம் அண்ணை" என்றார் கௌரி. குரலில் உப்பில்லை. காலையிலிருந்து ஓட்டுகிற களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் காப்பாற்றிவிட்டேன் என்ற திமிரில் ஒரு காப்பி வாங்கிக் குடித்தேன்.

மூன்று மணிக்கு விட்பியில் மணியடித்தது. வரதன் கதவைத் திறந்துவிட்டு, சட்டென்று சுவர் பக்கம் திரும்பி நின்றார். தன் முகத்தைக் காட்டக்கூடாதாம்.

"எனக்கு ஒண்டும் தெரியாது. சத்தியமா. ஆனாலும் நீர் பாக்காதையும்."

நஸீர் விழுந்து விழுந்து சிரித்தார். கௌரி சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கீழே வந்தார். மட்டன் ரோல்ஸ், கிழங்குப் பொரியல், கேக் எல்லாம் விரித்து வைத்திருந்தார்கள். அவர் ஒன்றையும் தொடவில்லை.

"என்ன தங்கச்சி, உடம்பு சரியில்லையா?"

"களைப்பு அண்ணை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வரதன் மூன்று காலண்டர்த் துண்டுகளைக் கிழித்துக் கொடுத்தார். அவரும் நஸீரும் கையால் மறைத்துக்கொண்டு மளமளவென்று எழுதினார்கள். கௌரி பேனாவைத் திறந்து, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீர் என்ன யோசிக்கிறீர்? எல்லாருக்கும் தெரிஞ்ச பேர்தானே!" என்று வரதன் கிண்டல் செய்தார்.

கௌரி எழுதினார். நாலாக மடித்துக் கல்லுக்குக் கீழே வைத்தார். என் முகத்தை யாரும் பார்த்துவிடாதபடி நான் எல்லோருக்கும் பின்னால், துணி உலர்த்தும் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு மணி நேரம் ஓடியது. நஸீர் ஒவ்வொரு கல் பாதைக்கும் மார்க் போட்டார். வரதன் தொண்டை கட்டும்வரை கத்தினார். பாதி வழியில் நெட்டையனுக்கு டயர் வெடித்தது. அவன் கையைத் தூக்கிக்கொண்டு வயல் ஓரத்தில் நின்றான். வரதன் தலையில் அடித்துக்கொண்டார். கௌரி மட்டும் மெதுவாகத் தலையாட்டி, "சரி, இதுதான்" என்றார். இவர் ஏன் இப்படிச் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. காத்துக் காத்து வாங்கிய பலகாரத்தை வாயில் வைக்காமல் இருப்பவரைப் பார்ப்பதுபோல மனம் அடித்துக்கொண்டது. ஓடிப்போய், கவலைப்படாதே அவன் வருவான் என்று சொல்லத் துடித்தேன். உலர்த்தும் மெஷினின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவன் வந்தான். ஒவ்வொருவராகத் தாண்டி வந்தான். பத்து கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது முன்னால் இரண்டே பேர், அதில் ஒருவன் நெட்டையன். கௌரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார், ஏதோ கணக்கு இடிக்கிற மாதிரி. நான் ரோல்ஸைப் பார்த்தேன்.

மைதானம். ஒரு சுற்று. கௌரி எழுந்துவிட்டார். அரைச் சுற்று. அரைச் சக்கரம்.

வரதனும் நஸீரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கௌரி குதிக்கவில்லை. இரண்டு கைகளையும் வாயில் வைத்தபடி திரும்பி என்னிடம் வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணை! பஸ்ஸிலை நீங்கள் செத்த வீட்டு முகத்தோடை இருந்தீங்களே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தீபாவளி காலண்டரை நினைச்சேன் தங்கச்சி" என்றேன்.

கௌரிதான் அழுகையும் சிரிப்புமாக மற்றவர்களுக்குச் சொன்னார். அந்த அம்மாவோடு ஒரே போனில் நான் குனிந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். என்ன பார்க்கிறோம் என்று அந்தச் சேற்றுக் காலிலேயே புரிந்துவிட்டது. பார்க்கக்கூடாது, பார்க்கக்கூடாது என்று ரோட்டைப் பார்த்தவர், சிவப்பு விளக்கில் ஒரே ஒருமுறை நிமிர்ந்திருக்கிறார். என் முகத்தைக் கண்டதும் நெட்டையன் தோற்றுவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாராம். போனால் வரதனின் முகம் மறுபடி ஒரு வருடம் வாடும், வந்த விருந்தாளியும் மனக்குறையோடு ஊர் திரும்புவார் என்று வந்திருக்கிறார்.

"அப்ப நீர் மூண்டு மணியிலை இருந்து தோத்திட்டான் எண்டு நினைச்சுக்கொண்டோ இருந்தனீர்?" என்றார் வரதன்.

"ஓம். டயர் வெடிக்கேக்கை அதுதான் முடிவு எண்டு நினைச்சன். பேந்து பாத்தால் வாறான், வாறான், வந்துகொண்டே இருக்கிறான். அந்தக் கந்தோரிலை நிண்ட மாதிரியே இருந்துது அண்ணை."

நஸீர் கல்லைத் தூக்கினார். வரதனின் சீட்டில் வேறொரு பெயர். நஸீரின் சீட்டிலும் வேறொன்று. மூன்றாவதை நாலு மடிப்பும் பிரித்தார். வட்ட வட்டமான எழுத்தில் நெட்டையன் என்று இருந்தது.

நஸீர் அதையும் கௌரியையும் மாறி மாறிப் பார்த்தார். "தோத்தவன் எண்டு தெரிஞ்சுகொண்டே எழுதினனீங்களோ?"

கௌரி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு ரோல்ஸை எடுத்தார். "பேந்து வேறை ஆரின்ரை பேரை எழுதுறது?"

கல்லை நான் தூக்கி வருகிறேன் என்றதற்குக் கௌரி விடவில்லை. தானே வயிற்றோடு அணைத்து மேலே கொண்டுவந்து, காரின் முன் இருக்கையில் வைத்தார். கையசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினால் கார் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்கிறதாம். கௌரி குனிந்து, கல்லுக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டுப் புறப்பட்டார்.